வலிப்பு நோய்: மாத்திரை, அறுவை சிகிச்சை, செலவு – வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் 19 வயது மகனுக்கு ஒரே மாதத்தில் இருமுறை வலிப்பு வந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனையின் அறிக்கையில் 'நார்மல்' என்று இருக்கிறது. ஆனாலும் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு மாத்திரை எதற்கு? ஸ்கேன் வீண் செலவுதானே?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வலிப்பு நோயைக் கண்டறிய ஈ.ஈ.ஜி.யைவிடப் பெரிதும் உதவுவது, நடந்ததை நேரில் பார்த்தவர் சொல்லும் விவரம்தான். மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருசேர மின்னலைகளை வெளிப்படுத்தும்போது வலிப்பு உண்டாகிறது. அது ஓய்ந்த பின் அரை மணி நேரம் எடுக்கும் பதிவில் எதுவும் தென்படாமல் போவது சாதாரணமாக நடப்பதே. சர்க்கரைக் குறைவு, மூளைக்காய்ச்சல், குடியை நிறுத்தியது போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வலிப்பு வந்தால் அதை வலிப்பு நோய் என்றே கொள்கிறோம். ஆகவே உங்கள் மருத்துவர் மாத்திரை தொடங்கியது சரியே.

வந்தது வலிப்புதானா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து வரும் மயக்கமும், மன நெருக்கடியால் வலிப்பைப் போலவே தோன்றும் நடுக்கமும் வலிப்பு நோய் என்று தவறாகக் கருதப்பட்டு, தேவையற்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்கள் உண்டு. இந்த நோயில் எல்லாவற்றையும்விட வீணான செலவு அதுவே. விடுதியில் உடனிருக்கும் மாணவர் கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடப் படம், சில நேரம் பல ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனையைவிடத் தெளிவாகப் பேசும்.

எம்.ஆர்.ஐ. அவசியம். நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம், மூளைக்குள் தங்கிவிடும் பன்றி நாடாப்புழுக் கட்டி. அசுத்தமான தண்ணீர் வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் புழுவின் முட்டை உடலுக்குள் செல்வதால், பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும், முழு சைவருக்கும் இது வருகிறது. ஒற்றைச் சிறு கட்டியாக இருந்து அது முழுதும் கரைந்துவிட்டால், மாத்திரையைக் குறுகிய காலத்திலேயே நிறுத்திவிட வாய்ப்புண்டு. பிறவிக் குறைபாடோ பழைய தழும்போ தெரிந்தால் கணக்கு வேறு. ஸ்கேனை ஒருமுறை, வலிப்புக்கென உள்ள முறையில் எடுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் மேலோட்டமாக எடுத்துவிட்டு மறுபடி எடுக்க நேர்வதுதான் இரட்டைச் செலவு. வலிப்பு கட்டுக்குள் வந்த பிறகும் ஆண்டுதோறும் வழக்கம்போல ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை.

கேள்வி: வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் நிற்கிறதே, எப்படி?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுவதால், பெருமை சாவிக்குப் போகிறது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் தந்தை வலிப்புக்காகப் பல ஆண்டுகளாக ஃபெனிட்டாயின் மாத்திரை சாப்பிடுகிறார், மாதச் செலவு மிகக் குறைவு. எனக்கு லெவெடிராசிடம் தருகிறார்கள். அதன் விலை பல மடங்கு. அதிலும் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் விலை வேறு. விலை கூடியதுதான் நல்ல மருந்தா? மலிவானதற்கு மாறலாமா?
– ஒரு மளிகைக் கடைக்காரர், தேனி

பதில்: விலைக்கும் வீரியத்துக்கும் நேரடி உறவு இல்லை. ஃபீனோபார்பிடோன் 1912 முதலும், ஃபெனிட்டாயின் 1938 முதலும் புழக்கத்தில் உள்ளன. வலிப்பை அடக்கும் ஆற்றலில் புதிய மருந்துகள் இவற்றைப் பெரிதாக மிஞ்சிவிடவில்லை. பழைய மருந்துகளைக் கொண்டு ஒருவருக்கு ஆண்டுக்கு 5 டாலர் அளவிலேயே சிகிச்சை தர முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையாகக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்பதும் அதன் கணிப்பே.

அப்படியானால் புதிய மருந்துக்கு ஏன் கூடுதல் பணம் தருகிறோம்? பக்கவிளைவுக்காகத்தான். ஃபெனிட்டாயின் ஈறுகளை வீங்கச் செய்யும். அளவு சற்றே கூடினாலும் தள்ளாட்டம் வரும் என்பதால் இரத்தத்தில் மருந்தின் அளவை அவ்வப்போது பார்க்க நேரிடும். வேறு பல மருந்துகளோடு மோதும். லெவெடிராசிடத்துக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். வால்ப்ரோயேட் உடல் எடையைக் கூட்டலாம், முடி உதிரலாம். கார்பமசெபின் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்; தொடங்கிய முதல் வாரங்களில் உடலில் தடிப்புக் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எனவே மாத்திரைப் பட்டையில் அச்சிட்ட விலையோடு இரத்தப் பரிசோதனை, பல் மருத்துவர், விடுப்பு எடுத்த நாளின் கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிய தொகையே ஒரு மருந்தின் உண்மையான விலை. உங்கள் தந்தைக்குத் தொல்லையின்றி ஒத்துப்போகிறது என்றால் அவர் மாற வேண்டியதில்லை. அவருக்கு ஒத்துப்போனது என்பதற்காக நீங்களும் அதற்கு மாற வேண்டியதில்லை.

ஒரே மருந்து கடைக்குக் கடை வேறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர்தான். மருத்துவரிடம் நிறுவனம் வைத்த பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அடிப்படை வலிப்பு மருந்துகள் கட்டணமின்றியே வழங்கப்படுகின்றன. நிறுவனம் மாறுவதில் தவறில்லை. மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று தாவிக்கொண்டிருப்பதைத் தவிர்த்து, ஒத்துப்போன ஒன்றிலேயே நிலைத்திருங்கள், குறிப்பாக ஃபெனிட்டாயினில். கையிருப்பு தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த பட்டையை வாங்கிவிடுங்கள். மாத்திரை திடீரென நின்றுபோய், ஓயாத வலிப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தால், ஒரே வாரத்தில் ஆகும் செலவு பல ஆண்டு மாத்திரைச் செலவை விழுங்கிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மூன்று வகை மாத்திரை கொடுத்தும் வாரம் ஒருமுறையாவது, சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி வாயை மெல்லுகிறாள். மூளையில் அறுவை சிகிச்சை என்கிறார்கள். பயமாக இருக்கிறது, செலவும் தாங்குமா என்று தெரியவில்லை. இன்னொரு மாத்திரையைச் சேர்த்துப் பார்க்கக் கூடாதா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: நான்காவது மாத்திரையால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். கிளாஸ்கோ நகரில் 470 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முதல் மருந்திலேயே 47 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் மேலும் 13 விழுக்காட்டினருக்கும் வலிப்பு நின்றது. மூன்றாவது மருந்தால் நின்றது வெறும் 1 விழுக்காட்டினருக்கே. தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொண்டு, அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா என ஆராய வேண்டும். நம் ஊரில் அந்த ஆராய்ச்சி தொடங்குவதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் படிப்பும் போய்விடுகிறது. உங்கள் மகளுக்கு 14 வயதிலேயே இந்தப் பேச்சு வந்திருப்பதை நல்லதாகவே கருதுகிறேன்.

நீங்கள் விவரித்தது, காதுக்கு மேலே உள்ள பொட்டு மடலிலிருந்து எழும் வலிப்பைப் போல இருக்கிறது. அறுவை சிகிச்சையால் அதிகம் பயன்பெறும் வகைகளில் அதுவும் ஒன்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 116 குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தனர். மாத்திரையை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 7 விழுக்காடு. அபாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்: எடுக்கும் பகுதியைப் பொறுத்து நினைவாற்றல், பேச்சு, பார்வைப் புலம், கைகால் வலு ஆகியவற்றில் குறை நேரலாம். அதனால்தான் மருத்துவமனையில் சில நாட்கள் தங்கவைத்துப் படப்பிடிப்புடன் ஈ.ஈ.ஜி. பதிவு செய்து, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும், அந்த இடத்தை எடுத்தால் என்ன போகும் என்பதையும் முன்கூட்டியே அளக்கிறார்கள்.

செலவைத் தீர்மானிப்பதும் இந்த முன் ஆய்வுதான். ஸ்கேனில் தழும்பு தெளிவாகத் தெரிந்து, ஈ.ஈ.ஜி.யும் அதே இடத்தைக் காட்டினால் செலவு அடங்கிவிடும். ஸ்கேனில் எதுவும் தெரியாமல், மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனும் மூளைக்குள் மின்முனை செருகும் ஆய்வும் தேவைப்பட்டால் அது பல மடங்காகும். எந்த ஊர், எந்த வகை மருத்துவமனை என்பதும் அடுத்தபடியாகக் கணக்கில் வரும். திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சையைச் செய்து வருகிறது; பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றிலும் வசதி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. சேரும் முன்பே, அந்த மருத்துவமனையில் உங்கள் மகளுக்கான சிகிச்சைக்கு அட்டை செல்லுமா என்பதைக் காப்பீட்டு முகப்பில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தினசரி மாத்திரைக்கு அந்த அட்டையை நம்ப வேண்டாம்.

மார்பில் கருவி பொருத்தி, கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டும் முறையையும் யாராவது பரிந்துரைக்கலாம். கருவிக்கே பல லட்சம் ஆகும். சில ஆண்டுகளில் மின்கலம் மாற்ற வேண்டிவரும். வலிப்பு குறையுமே ஒழிய முழுதும் நிற்பது அரிது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை என்று உறுதியான பிறகே அதைப் பற்றி யோசியுங்கள். கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவுமுறை சில குழந்தைகளுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் இட்லியும் சோறும் ஏறக்குறைய இல்லாத அந்த உணவை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் கிராம் கணக்கில் வகுத்துத் தர வேண்டும். வீட்டில் தாமாக முயல்வது ஆபத்து.

கேள்வி: எனக்கு 24 வயது. வால்ப்ரோயேட் சாப்பிட்டு மூன்றாண்டாக வலிப்பு இல்லை. தை மாதத்தில் திருமணம். மறைத்துவிடச் சொல்கிறார் அம்மா. மாத்திரையை இப்போதே நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் இந்த மாதமே மருத்துவரைப் பாருங்கள். வால்ப்ரோயேட் உட்கொள்ளும் தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பத்தில் மூன்று நான்கு பேருக்குக் கற்றலிலும் வளர்ச்சியிலும் பின்னடைவு காணப்படுகிறது. லாமோட்ரிஜின், லெவெடிராசிடம் ஆகியவற்றில் இந்த அபாயம் மிகக் குறைவு. மருந்தை மாற்றச் சில மாதங்கள் ஆகும் என்பதால், கருத்தரித்த பிறகு அல்ல, அதற்கு முன்பே தொடங்க வேண்டும்; ஃபோலிக் அமிலத்தையும் அப்போதே தொடங்குவார்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையைப் பெறுகிறார்கள்.

மறைப்பது பற்றிக் கேட்கிறீர்கள். மறைத்தவர்கள் முதல் சில வாரங்களில் மாத்திரையை ஒளித்து விழுங்கவும் தவறவிடவும் நேர்ந்து, திருமணத்தின் அலைச்சலும் தூக்கமின்மையும் சேர, புகுந்த வீட்டிலேயே வலிப்பு வருவதை மருத்துவர்கள் நிறையப் பார்க்கிறோம். மணமகனிடம் நீங்களே சொல்லுங்கள். விருப்பமானால் அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோயோடு சேர்த்து வலிப்பும் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது உண்மை. 1999-இல் வந்த திருத்தம் அந்தச் சொல்லை நீக்கிவிட்டது என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.