கேளுங்க, சொல்றோம்: வாழைப்பழ ஒயினும் ஒரு சிசேரியனும்

கேள்வி: வெள்ளைக்காரங்க சொல்லிக்கொடுக்காமலே ஆப்பிரிக்காவுல சிசேரியன் பண்ணாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துதே, நிஜமா? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஃபார்வர்டுல வர்றது முக்கால்வாசி புருடாதான், ஆனா இது நிஜம்ங்க. 1879-ல ராபர்ட் ஃபெல்கின்னு ஒரு மிஷனரி, மருத்துவம் படிச்சவர், இப்ப உகாண்டாவுல இருக்கற புன்யோரோ ராஜ்யத்துல கஹுரான்னு ஒரு ஊர்ல நேர்லயே பார்த்துட்டு 1884-ல எடின்பரோ மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார்.

சுமார் 20 வயசுப் பொண்ணு, தலைப்பிரசவம். வாழைப்பழ ஒயினைக் குடிக்கக் கொடுத்து அரை மயக்கத்துல வச்சு, ஆபரேஷன் பண்றவர் ஏதோ மந்திரம் முணுமுணுத்துட்டு, அதே ஒயின்ல தன் கையையும் அவ வயித்தையும் கழுவி, அப்புறம் தண்ணியில கழுவி, தொப்புளுக்குக் கீழ நேரா ஒரே கோடா கீறியிருக்கார். ரத்தம் வந்த இடத்துல பழுக்கக் காய்ச்சின இரும்பால சூடு. குழந்தையை எடுத்துட்டு கர்ப்பப்பை சுருங்கறவரைக்கும் கையால அமுக்கிப் பிசைஞ்சிருக்கார், அதுக்குத் தையல் மட்டும் போடல (ஜெர்மனியில சேங்கர்னு ஒரு டாக்டர் அந்தத் தையலை வலியுறுத்தி எழுதினதே 1882-லதான்). அப்புறம் பொண்ணைத் திருப்பிப் படுக்கவச்சு உள்ள தேங்கினதை வடியவிட்டு, பளபளன்னு தீட்டின 7 இரும்பு ஊசியைக் குத்தி மரப்பட்டை நாரால இழுத்துக் கட்டி, மேல வேரை மென்னு பிசைஞ்சு பத்துப் போட்டிருக்காங்க. 6 நாள்ல ஊசி எல்லாத்தையும் எடுத்தாச்சு, 11-ஆம் நாள் காயம் ஆறிடுச்சு, அம்மா, குழந்தை ரெண்டு பேரும் சவுக்கியம்.

அந்த நேரத்துல ஐரோப்பாவுல சிசேரியன்னாலே அம்மா பிழைக்கறது கஷ்டம். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்னு தள்ளிட முடியாதுங்க, யார் எங்க நிக்கணும், யார் காலைப் பிடிக்கணும், சூட்டுக்கோல் யார் கையிலன்னு ஆளுக்கொரு வேலை பிரிச்சு வச்சிருக்காங்க, ஊசியும் தயாரா இருந்திருக்கு, முதல் தடவை பண்றவங்க இப்படிப் பண்ண மாட்டாங்க. கத்தி பிடிச்சவர் பேரைத்தான் ஃபெல்கின் எழுதல, எனக்கு அதுதான் எரிச்சல்.

கேள்வி: அம்மை குத்தறதும் ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்ததா? - கல்லூரி மாணவர், கோவை

பதில்: அமெரிக்காவுக்குப் போனதுல பெரிய பங்கு அங்கேர்ந்துதான். ஒனேசிமஸ்னு பாஸ்டன்ல அடிமையா இருந்த ஆப்பிரிக்கர், ஊர்ல தனக்கு அப்படிக் குத்தியிருக்காங்கன்னு (அதாவது அம்மை கண்டவங்க கொப்புளத்துச் சீழைத் தோல்ல கீறி வைக்கறது) எஜமானரான பாதிரியார் காட்டன் மேதர்கிட்ட சொன்னார். 1721-ல பெரியம்மை பரவினப்ப மேதர் பேச்சைக் கேட்டு பாய்ல்ஸ்டன்னு ஒரு டாக்டர் சுமார் 240 பேருக்குக் குத்தினார், இறந்தது 6 பேர். குத்திக்காம அம்மை கண்டவங்கள்ல ஏழு பேருக்கு ஒருத்தர் போனாங்க. இப்படிக் குத்தறதை எதிர்த்தவங்க மேதர் வீட்டு மேல குண்டு வீசினாங்க, அது வெடிக்கல.