சுடரில் கண்ணாடியை உருக்கி மணியும் புகைக்கும் பைப்பும் செய்யக் கற்று, அதை விற்றுப் பிழைக்க முடியுமா?

வெறும் மணியை விற்றுப் பிழைப்பது கடினம். தோடு, ஜிமிக்கி, பதக்கம் என்று முடித்த நகையாக விற்றால் ஓர் ஆள் பிழைக்கலாம். பைப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர் திருத்தணிக்காரர். மேசைமேல் பர்னரை வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் வண்ண வண்ணமாகப் புகைக்கும் பைப் செய்கிற வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். செய்ததை அங்கேயே ஏற்றுமதி செய்துகொள்ளலாம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவின் நகரியில் இருக்கிறேன். கல்லூரி வேதியியல் ஆய்வகம் ஒன்றில் கண்ணாடி ஊதும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமாவிடம் தொழில் கற்றேன். வீட்டின் பின்கட்டில் உள்ள தகரக் கொட்டகைதான் என் பட்டறை.

பைப் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அது போரோசிலிகேட்டில், அதாவது ஆய்வகக் குடுவைகள் செய்யும் கண்ணாடியில் செய்வது. கைவேலை என்ற அளவில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. குழலை விடாமல் சுழற்றிக்கொண்டே ஊத வேண்டும். சுவர் ஒரு பக்கம் மெலிந்தாலும் அந்தப் பக்கம் கொப்பளித்துக் கிழிந்துவிடும். வெள்ளியையும் தங்கத்தையும் சுடரில் ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படியவிட்டு நிறம் வரவழைக்கும் வித்தையை அமெரிக்காவில் பரப்பியவர் பாப் ஸ்நாட்கிராஸ் என்ற கண்ணாடிக் கலைஞர். ஆனால் அவர்கள் நாட்டிலேயே இந்தத் தொழில் சட்டத்தோடு மல்லுக்கட்டித்தான் வளர்ந்தது. 2003இல் பைப் விற்றவர்கள்மீது நாடு முழுக்கச் சோதனை நடந்தது. நடிகர் டாமி சாங்குக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. போதைக்கான கருவிகளை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பதால், ஏற்றுமதி செய்துகொள்கிறேன் என்ற உங்கள் கணக்கும் உதைக்கிறது. இங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சாவுக்குத் தடை. புகையிலைக்கு என்று சொல்லி விற்கலாமே என்பீர்கள். விசாகப்பட்டினத்து மலைகளிலிருந்து இறங்கும் கஞ்சாவுக்காகவும் சேஷாசலத்துச் செம்மரத்துக்காகவும் வண்டிகளைத் துழாவுகிற வட்டாரம் இது. பை நிறையச் சிலும்பிகளோடு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அந்த விளக்கத்தைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. குழல் வேலைதான் பிடிக்கிறது என்றால் அத்தர் குப்பி செய்யுங்கள். கைக்கு வேண்டிய பழக்கம் ஒன்றுதான்.

பக்கத்தில்தானே பாப்பாநாயுடுபேட்டை இருக்கிறது, அங்கே போய்க் கற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரேணிகுண்டா, காளஹஸ்தி வட்டாரத்து அந்த ஊரின் வேலை வேறு. உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கிச் சின்னச் சின்னப் பாசிமணி ஆக்குவார்கள். அரிக்கமேட்டில் கிடைக்கும் மணிகளும் இப்படி இழுத்துச் செய்தவைதான். தென்கிழக்கு ஆசியா வரை இந்த வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. பலர் சேர்ந்து உலையைச் சுற்றி நின்று செய்கிற வேலை அது. போய்ப் பாருங்கள், கண் திறக்கும். நாம் செய்வதோ, மண்பூச்சுப் பூசிய எஃகுக் கம்பியைச் சுழற்றியபடி அதன்மேல் உருகிய கண்ணாடிக் குச்சியைச் சுற்றி, ஒவ்வொரு மணியாக உருவாக்குவது. இதே முறையில் உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரில் மணிகள் குவிகின்றன. அவை சென்னைச் சௌகார்பேட்டைக்கு வந்து கிலோ கணக்கில் விற்பனையாகின்றன. அந்த விலையோடு உங்கள் பர்னர் போட்டி போட முடியாது. முடித்த நகையாக விற்கச் சொன்னது இதனால்தான்.

மென்கண்ணாடியில் தொடங்குங்கள். போரோசிலிகேட் இளக நிறைய ஆக்சிஜனும் சூடும் வேண்டும். மென்கண்ணாடி சிறு பர்னரிலேயே தேன் பதத்துக்கு வந்துவிடும். எரிவாயுவுக்கு வணிக சிலிண்டர் வாங்குங்கள். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஜன்னல் மட்டும் போதாது, தரை மட்டத்திலும் காற்றோட்டம் வேண்டும். ஆக்சிஜன் ரெகுலேட்டரின் திருகில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. அந்த அழுத்தத்தில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். நான் சிலிண்டரை விட்டுவிட்டு, வீட்டு நோயாளிகள் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு மாறிவிட்டேன். 2021 ஏப்ரலில் கொரோனாவால் தொழிற்கூடங்களுக்கு ஆக்சிஜன் நிறுத்தப்பட்டபோது, எது முக்கியம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பர்னரை மூடி வைத்தோம். தொற்று ஓய்ந்த பிறகு பழைய கான்சன்ட்ரேட்டர்கள் விலைக்கு வந்தன. சிறு பர்னருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தாராளம். கண்ணுக்கு டிடிமியம் மூக்குக்கண்ணாடி அவசியம். சூடான கண்ணாடியிலிருந்து சோடியத்தின் மஞ்சள் ஒளி கிளம்பி மணியையே மறைக்கும். அந்த ஒளியை அது வடிகட்டிவிடும்.

கண்ணாடிக்குப் பேர்போன ஃபிரோசாபாத்தின் குச்சிகளை வாங்கினால் எந்த நிறம் எதோடு சேரும் என்று கட்டின்மேல் எழுதியிருக்காது. இத்தாலிய மென்கண்ணாடிக்கு 104, போரோசிலிகேட்டுக்கு 33 என்று தொழிலில் ஓர் எண் சொல்வார்கள். சூட்டில் எவ்வளவு விரியும் என்பதன் கணக்கு அது. எண் ஒத்துப்போகாத இரண்டைச் சேர்த்தால், ஆறிய பிறகு, சில நேரம் வாரம் கழித்து, விரிசல் விடும். மாமா காட்டிய சோதனை இது: இரண்டு நிறத்தையும் அக்கம்பக்கமாக ஒட்டி உருக்கி, நூலாக இழுத்து மேசையில் வையுங்கள். ஆறும்போது நூல் நேராகக் கிடந்தால் சேரும். வில்லாக வளைந்தால் சேராது.

ஆறவைப்பதுதான் பாதித் தொழில். மணியைச் சுடரிலிருந்து எடுத்ததும் வெர்மிகுலைட்டில் புதைக்கலாம் (செடித் தொட்டியில் போடும் லேசான தாதுத் துகள், நர்சரியில் கிடைக்கும்), ஆனால் அது தற்காலிகம். பிறகு மின்சூளையில் ஏறக்குறைய 510 டிகிரி செல்சியஸில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். போரோசிலிகேட்டுக்கு 565 அளவில். உள்ளே இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, கணினித் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரை கறுப்பாகும்வரை திருப்புங்கள். நடுவில் மணியைப் பிடித்தால், இறுக்கமுள்ள இடம் வெளிச்சமாகத் தெரியும். ஒளி ஊடுருவும் மணிக்கு மட்டுமே இது உதவும்.

இனி ஜோடி. ஒரு மணி அழகாக வருவது பெரிதில்லை. அதே போல இன்னொன்று வர வேண்டும். மாலையில் மணிக்கு மணி வித்தியாசம் இருந்தால் அழகு, தோட்டில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கம்பியின் மண்பூச்சில் மணியின் அகலத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கனமுள்ள குச்சியில் ஒரே நீளத்தை உருக்குங்கள். துளையின் இரு வாயும் உள்ளே குழிந்திருக்க வேண்டும். கூராக நின்றால் நூலை அறுத்துவிடும். துளையிலுள்ள மண்பூச்சைத் தண்ணீருக்குள் வைத்துத் தேயுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நகரி விசைத்தறி ஊர். என் வாடிக்கையாளர்கள் சேலையோடு வருவார்கள். மயில்நீலச் சேலைக்குத் தந்தநிறக் கரை வைத்திருந்த ஓர் அம்மா, நான் காட்டிய மாதிரித் தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நடுவில் இந்தக் கறுப்புக் கோடு எதற்கு? மை தீட்டிய மாதிரி இருக்கிறதே” என்றார். தந்தநிறக் கண்ணாடியில் கந்தகம் இருக்கும், நீலப்பச்சையில் தாமிரம் இருக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டால் கோடு விழும். “இது கண்ணாடியின் குணம் அம்மா, நடுவில் ஒரு சுற்று நிறமில்லாத கண்ணாடி வைத்தால் வராது” என்று சொல்லி அப்படியே செய்து கொடுத்தேன். பிறகு தங்கைக்கு ஒரு ஜோடி வேண்டும் என்று வந்தார், கறுப்புக் கோட்டோடு!

இப்படிப்பட்ட வேலைக்குச் சௌகார்பேட்டையில் விலை இல்லை, அதனால் நீங்கள் சொல்வதுதான் விலை. நான் சூளை, எரிவாயு, கொக்கி, என் நேரம் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்கிறேன். பிளாஸ்டிக்கா என்று கேட்பவர்களின் கையில் மணியை வைத்துக் கன்னத்தில் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்; கண்ணாடி குளிரும், பேரம் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் திருத்தணியிலிருந்து நகரிக்கு ஒரு தோடு விற்றாலும் ஜிஎஸ்டி கணக்கில் அது மாநிலம் தாண்டிய விற்பனை. கைவினைப் பொருட்களுக்குச் சலுகை இருக்கிறது, அதற்கு நிபந்தனைகளும் இருக்கின்றன. ஆன்லைன் கடை திறப்பதற்கு முன் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.