மூன்றடி மண்ணும் ஒரு மூட்டை யூரியாவும்

கேள்வி: எங்கள் ஏலாவில் (வயல்வெளியில்) எனக்கு 40 சென்ட் வயல் உள்ளது. அடுத்த வயல்காரர் செங்கல் சூளைக்காக மூன்றடி ஆழத்துக்கு மண் கொடுத்துவிட்டார். அதன்பின் என் வயலிலும் தண்ணீர் நிற்பதில்லை. "நீங்களும் கொடுங்கள், உரம் போட்டால் பழையபடி விளையும்" என்கிறார் மண் எடுப்பவர். அது சரியா ஐயா?
- வாசகர், தக்கலை

பதில்: சரியல்ல. அந்த மூன்றடியில் பயிருக்குச் சோறு போடுவது மேலே இருக்கும் அரை அடிதான். இலைதழை மக்கி உண்டான மட்கும், நுண்ணுயிர்களும், மண்புழுவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஓர் அங்குல மேல்மண் இயற்கையாக உருவாகப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். அதற்குச் சற்றுக் கீழே, தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்து இறுகிய ஒரு படுகை உண்டு. வயலில் தண்ணீரைத் தாங்குவது அதுவே. அடுத்த வயலில் அந்தப் படுகை வெட்டப்பட்டதால், உங்கள் வயல் நீர் வரப்புக்கு அடியில் கசிந்து அந்தப் பள்ளத்துக்குப் போகிறது. நீங்கள் மண்ணை விற்கவில்லை, ஆனால் நட்டத்தில் பங்கு கிடைத்துவிட்டது.

உரத்தால் ஈடுகட்டலாம் என்பது பாதிக் கணக்கு. மட்கு இல்லாத மண்ணால் சத்தைப் பிடித்து வைக்க இயலாது. போட்ட யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும்; ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்கும் குளத்துக்கும் இறங்கும்; சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மேலெழும். அளவில் சிறிதானாலும், நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை அது கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சூளையிலோ விறகோடு சேர்ந்து மண்ணிலிருந்த மட்கும் எரிந்து புகையாகிறது. (இதை எழுதுகிற நானும் செங்கல் வீட்டில்தான் இருக்கிறேன், செங்கலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நெல்வயலிலிருந்து வேண்டாம் என்கிறேன்.) செங்கல் மண் சிறுகனிமம் என்பதால், சொந்தப் பட்டா நிலமானாலும் முறையான அனுமதியின்றி எடுக்கக் கூடாது.

உங்கள் வயலை மீட்க வழி உண்டு. பள்ளத்தை ஒட்டிய வரப்பை அகலமாக்கி, களிமண்ணை மிதித்து இறுக்குங்கள். கும்பப்பூ நெல் அறுவடைக்கும் அடுத்த பருவமான கன்னிப்பூ நடவுக்கும் இடையே கோடைமழை ஈரத்தில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுங்கள். குளத்து வண்டல் உரிய அனுமதியுடன் கிடைத்தால் அதையும் பரப்புங்கள். நம் முன்னோர் குளம் தூர்வாரியதும் வயல் வளர்த்ததும் ஒரே வேலையாகத்தான் இருந்தன. அடுத்தவர் பள்ளம் மூடப்படாதவரை கசிவு முழுவதும் நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் விளையில் (தோட்டத்தில்) வாரம் ஒருமுறை சவறைக் (காய்ந்த இலைதழைகளை) கூட்டி எரிப்போம். பால் கவர், பிளாஸ்டிக் பைகளும் அதில் போகும். சாம்பல் தென்னைக்கு நல்லதுதானே?
- வாசகி, கருங்கல்

பதில்: வெறும் சவற்றின் சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு என்பது மெய். ஆனால் அதிலிருந்த தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதி புகையோடு போய்விடும், நுண்துகள்கள் மட்டும் உங்கள் வீட்டாரின் நுரையீரலுக்கு வரும். பிளாஸ்டிக் சேரும்போது, அதிலும் பி.வி.சி. வகை இருந்தால், குறைந்த வெப்பத்தில் எரியும் குப்பையிலிருந்து டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது எளிதில் சிதையாமல் பல்லாண்டு மண்ணில் தங்கி, கொழுப்பில் சேரும் தன்மையுடையது. சாம்பலைக் கிளறும் வீட்டுக் கோழியின் முட்டை வழியாக உங்கள் தட்டுக்கே திரும்பலாம். சவற்றைத் தேங்காய்த் தொண்டுடன் (மட்டையுடன்) சேர்த்துத் தென்னையின் அடியைச் சுற்றிப் பரப்புங்கள். கோடையில் ஈரமும் நிற்கும். பால் கவரைக் கழுவி உலர்த்தி, குப்பை வாங்க வருபவரிடம் தனியாகக் கொடுங்கள். இதுவரை எரித்த இடத்துச் சாம்பலைக் கீரைப் பாத்திக்கோ தென்னைக்கோ போடாதீர்கள்; கோழிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.