மூழ்கிய பயிரும் சப்-1 நெல்லும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் இரண்டு ஏக்கர் நிலம், வடிகால் ஓரத்துப் பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி அழுகுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். இந்த முறை சி.ஆர். 1009 சப்-1 போடச் சொல்கிறார்கள், வெள்ளம் தாங்குமாம். அது மரபணு மாற்றிய விதை, வேண்டாம் என்கிறான் என் மகன். காட்டுயானம் மாதிரி நம் பாரம்பரிய நெல் தண்ணீரில் நிற்கிறதே, ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறான். உங்கள் கருத்து என்ன?

செ.

அன்புள்ள செ.,

சப்-1 நெல் மரபணு மாற்றப் பயிர் அல்ல. நெல்லோடு நெல்லைக் கலந்து பெற்ற ரகம்தான். கலப்பில் வந்த நாற்றுகளில் எதில் வெள்ளம் தாங்கும் சப்-1 மரபணு இருக்கிறது என்று இலைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள். இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தாய் ரகத்தோடு கலப்பார்கள். ஆய்வகத்தின் வேலை அவ்வளவுதான். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு மரபணு திருத்த நெல் ரகங்கள் வேறு முறையில் வந்தவை. சப்-1-ஐயும் அவற்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாரம்பரிய நெல் ஒரு பக்கம், ஆராய்ச்சி எதிர்ப்பக்கம் என்று அவர் நினைக்கிறார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இந்த சப்-1 வந்ததே ஒரு நாட்டு நெல்லிலிருந்து. ஒடிசாவில் வெள்ளம் வரும் பள்ள நிலங்களில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த தாலபுட்டியா என்ற நெல் அது. அதிலிருந்து பொறுக்கிப் பிரித்த வகைக்கு எஃப்.ஆர்.13ஏ என்று பெயர் வைத்தார்கள். முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். மகசூல் மட்டும் குறைவு.

சாதாரண நெல் ஏன் ஒரு வாரத்தில் செத்துப்போகிறது? பயிர் எப்போதும் எத்திலீன் என்ற வாயுவைக் கொஞ்சம் வெளியிட்டுக்கொண்டிருக்கும். காற்றில் அது கலைந்துவிடும். தண்ணீருக்கடியில் போக வழியில்லாமல் பயிருக்குள்ளேயே சேர்ந்துவிடும். அந்த எத்திலீன்தான் 'மூழ்கிவிட்டோம்' என்று பயிருக்குச் சொல்லும் அடையாளம். உடனே தலையை வெளியே நீட்டப் பயிர் அவசரமாக நீள ஆரம்பிக்கும். சேர்த்து வைத்த மாவுச்சத்து எல்லாம் இதில் தீர்ந்துபோகும். தண்ணீர் வடியும்போது வெளுத்துப்போய், நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும். எஃப்.ஆர்.13ஏ நீள்வதில்லை. வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைச் செலவழிக்காமல் காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும்.

இந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் ஓர் இடத்தில் இருக்கிறது என்று கெனாங் சூ, டேவிட் மக்கில் என்ற விஞ்ஞானிகள் 1996-ல் கண்டார்கள். அங்கே எந்த மரபணு என்று பிடிக்க மேலும் பத்து வருடம் ஆனது. 2006-ல் பமீலா ரொனால்ட் என்ற விஞ்ஞானியும் அவர்களும் சேர்ந்து சப்1ஏ மரபணுவை வெளியிட்டார்கள். எத்திலீனுக்குப் பயிர் எப்படிப் பதில் சொல்வது என்பதை நிர்வகிக்கும் மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. எனக்கு இதைவிட வியப்பானது 2009-ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு சொன்னது. ஆழ்நீர் நெல் பல மீட்டர் நீண்டு வெள்ளத்துக்கு மேலே வந்துவிடுகிறதல்லவா, அதைச் செய்யும் ஸ்நார்கல் மரபணுக்களும் இதே குடும்பம்தான்! வெள்ளத்துக்கு இரண்டு நேர்மாறான பதில்கள்.

காட்டுயானத்தின் பலம் உயரம். தண்ணீர் தேங்கும் வயலில் அது நிற்பது உண்மை, அதை விடாமல் பயிரிடுபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நட்டுக் கொஞ்ச நாளில் ஒரே இரவில் மூழ்கடிக்கும் மழைக்கு உயரம் என்ன செய்யும்? அப்போது எல்லாமே சின்னப் பயிர்தானே. சி.ஆர். 1009, அதாவது நீங்கள் பொன்மணி என்று போடும் அதே மோட்டா ரகம், எஃப்.ஆர்.13ஏ-யிடமிருந்து நீளாமல் காத்திருக்கும் அந்த ஒரு குணத்தை மட்டும் வாங்கிக்கொண்டதுதான் சி.ஆர். 1009 சப்-1.

வயலில் இது பலிக்குமா என்பதற்கு ஒடிசாவில் ஓர் ஆய்வு நடந்தது. 2013-ல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயல்களில், ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் இதே மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா-சப்1, சாதாரண ஸ்வர்ணாவைவிட 45 சதவீதம் அதிகம் விளைந்தது. வெள்ளம் வராத வயலில் மகசூல் குறையவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: வெள்ளம் அதிகம் வரும் பள்ள நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதி மக்களிடம்தான் இருந்தன. அதனால் பலனும் அவர்களுக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது. ஒரு விதையால் இப்படி நடப்பது அபூர்வம். அதற்காகவே இந்த ஆராய்ச்சி எனக்குப் பிடிக்கும்.

சரி, உங்கள் வயலுக்கு. இது நட்ட பயிர் மூழ்குவதற்கான பாதுகாப்பு. பூக்கும்போதோ அறுவடை நெருங்கும்போதோ வரும் மழைக்கு உதவாது. முழங்காலளவு தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றாலும் உதவாது. சேறு கலங்கிய வெள்ளம் என்றால் தாங்கும் நாளும் குறையும். நேரடி விதைப்பு செய்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். விதை முளைக்கும் முன் தண்ணீர் நின்றால் சப்-1-ஆல் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கான மரபணுவை மியான்மரின் காவ் லான் ஆன் என்ற நாட்டு நெல்லில் கண்டு 2015-ல் வெளியிட்டார்கள். இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலை நடந்து வருகிறது. பாருங்கள், அதுவும் நாட்டு நெல்தான்.

அப்புறம், தண்ணீர் வடிந்ததும் பயிர் செத்தது போலத்தான் தெரியும். உடனே உழுதுவிடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, புது இலை வருகிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு யூரியா போடலாம். இது வீரிய ஒட்டு ரகம் இல்லை என்பதால் விளைந்ததில் நல்லதாகப் பார்த்து அடுத்த வருடத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். முதல் வருடம் மட்டும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ சான்று பெற்ற விதையாகக் கேட்டு வாங்குங்கள். சப்-1 இல்லாத 1009-ஐயும் இதையும் பார்வையில் பிரிக்க முடியாது.