சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை வெறுமையாகிக்கொண்டே வருகிறது. ஜெபமும் போதனையும் உபசரிப்பும் அதை மீட்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை முழுக்கப் படித்தேன். ஞாயிறு ஆராதனைக்கு ஆள் குறைகிறது, வாலிபர்கள் வேறு சபைகளுக்குப் போகிறார்கள், ஜெபம், ஞானபோதனை, உபசரிப்பு என்று மேடையில் பேசுகிறார்களே, நடைமுறையில் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் டவுன் சபைக்காரர், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்குப் புதியவர் என்று நினைக்கிறேன். புரொஜெக்டர், கீபோர்டு, மூன்று நாள் கன்வென்ஷன் எல்லாம் பார்த்திருப்பீர்கள். பலன் உண்டு. எங்கள் கோயிலில் நடந்ததால் சொல்கிறேன்.

நான் கேரளத்தில் பீருமேடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து எடுக்க மலையேறியவர்கள். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்து இங்கே தோட்டங்கள் பலவும் மூடினபோது, குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். தோட்டம் நடந்தாலும் வேலையில் இருக்கும்வரைதான் லயத்து வீடு (தோட்டம் தரும் வரிசை வீடு). சபை குறைந்ததற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று யாராவது பிரசங்கித்தால் எனக்குக் கோபம் வரும். வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்களை அவிசுவாசி என்று சொல்லாதீர்கள்.

எங்களுக்கு வரும் அச்சன் (குருவானவரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பல கோயில்களைப் பார்க்கிறவர். அவர் வராத ஞாயிறுகளில் கோயில் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. அப்போது பெண்கள் சங்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, அச்சனிடம் கேட்டு, சாவியை வாங்கினோம். தினமும் சாயங்காலம் மணி அடிப்பது, மாலை ஜெபம் சொல்வது, அவ்வளவுதான் திட்டம். அம்மா சொல்லுவார்: ஊரில் சாயங்கால மணி கேட்டால் பெண்கள் பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்களாம், உபதேசியார் ஜெபம் நடத்துவாராம். அதைத்தான் நாங்கள் மலையில் மறுபடி தொடங்கினோம்.

மாலை ஜெபத்துக்குக் குருவானவர் இருந்தாக வேண்டும் என்றில்லை. 1549-ல் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப்புத்தகம் தொகுத்தபோது, மடங்களில் துறவிகள் ஏழெட்டு வேளை சொல்லிவந்த ஜெபங்களைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கி, சாதாரண ஜனங்களும் சொல்லும்படி வைத்தார். 150 சங்கீதங்களும் 30 நாளுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. 15-ஆம் தேதி சாயங்காலம் 78-ஆம் சங்கீதம், 72 வசனம். நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் நின்றுகொண்டே சொல்லி முடிப்பார்கள். 27-ஆம் தேதி சாயங்காலம் "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்" வரும், அதே மூச்சில் "ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" வரும். மரியாளின் பாட்டோ தினமும் உண்டு. "பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்" என்று, சம்பள பாக்கி வராத மாதத்தில் ஒரு பெண் சொல்வதை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தப் பாட்டுத்தான் எங்களை உருவாக்கியது.

திடப்படுத்தலுக்கு (பிஷப் கைவைத்து முழு அங்கத்தினராக்கும் சடங்குக்கு) ஆயத்தமாகும் வகுப்புப் பிள்ளைகளையும் இதிலேயே சேர்த்தோம். பொதுவாக என்ன நடக்கிறது? ஞானோபதேசத்தை மனப்பாடம் பண்ணி, பிஷப் கைவைத்ததும் வெள்ளை உடுப்போடு போட்டோ எடுத்துக்கொண்டு, அதன்பின் கிறிஸ்துமஸுக்குத்தான் வருகிறார்கள். இங்கே வேதபாடம் வாசிப்பது பிள்ளைகள் முறை. அந்தந்த வாரம் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டு வருவதும் அவர்களே. பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்குத் தமிழ் தெரிந்த டீச்சர் வர எத்தனை மனு போட்டோம்! தமிழே தெரியாதவரை அனுப்பினார்கள், பிறகு அவரும் மாற்றல் வாங்கிப் போனார். தோட்டத்துப் பிள்ளை எந்த மொழியிலும் உருப்படியாக வாசிக்காமல் எட்டாம் வகுப்புக்குப் போகிறது. கேட்க நாதியில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஜெபம் முடிந்ததும் உடனே கலையக் கூடாது என்று வைத்தோம். முறை போட்டு ஒவ்வொரு லயத்திலிருந்தும் கட்டன் சாயா (பால் விடாத டீ) வரும். சனிக்கிழமை அவித்த கப்பக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். யார் வந்தாலும் தட்டு உண்டு, எந்த மதம் என்று கேட்பதில்லை. நம் ஊர் அசனத்தில் (கோயில் பொது விருந்தில்) அப்படித்தானே?

இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் நிறைய. "பங்காளிகள்" என்று, அதாவது வங்காளிகள் என்று, எல்லாரையும் ஒரே பெயரில் அழைத்து ஒதுக்கி வைத்திருந்தோம். ஒரு சாயங்காலம் அதில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நாங்கள் கர்த்தருடைய ஜெபம் தொடங்கியதும் அவளும் தலை குனிந்து இந்தியில் கூடவே சொன்னாள், நாங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள். விசாரித்தால் ராஞ்சி பக்கம், நம்மைப் போலவே ஆங்கிலிக்கன் வழிவந்த சபை. அங்கே சோட்டாநாக்பூர் திருமண்டலம் (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) 1890-லேயே அமைந்தது, 1970-ல் வட இந்தியத் திருச்சபையோடு சேர்ந்தது. நம் பிள்ளை ஒன்று அடுத்த லயத்திலேயே இருந்திருக்கிறது, யாரும் ஒரு வாய் சாயா கொடுத்ததில்லை. இப்போது முதல் பாடத்தை இந்தியில் அவள் வாசிக்கிறாள்.

இது துரைமார் விட்டுப்போன வழிபாடு, இதைத் தூசி தட்டுவதா என்று சிலர் கேட்பார்கள். மூணாறு கிறைஸ்ட் சர்ச் சுவரில் துரைமார் பேரில் பித்தளைப் பலகைகள் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனதும் அவரே. இந்த வழிபாடு நம்முடையதும்தான். பெந்தெகொஸ்தே சபைகளை நான் குறை சொல்லவில்லை, என் தங்கை மகள் குடும்பமே அங்கேதான். வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் உடனே வந்து நிற்கிறார்கள். அதை அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கூட்டம் பெருகியதா என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு இன்னும் நிறையவில்லை. ஆனால் அச்சன் வராத ஞாயிறும் கோயில் திறக்கிறது.

உங்கள் சபையில் தொடங்க கமிட்டித் தீர்மானம் வேண்டாம். ஐயரவர்களிடம், அதாவது உங்கள் சபைக் குருவானவரிடம், நேரில் போய்ச் சாவி கேளுங்கள். ஜெபம் அரைமணி தாண்டக் கூடாது. யாரும் அதில் பிரசங்கம் பண்ண விடாதீர்கள், முக்கியமாகச் சபை எலெக்ஷனுக்கு நிற்கிறவர்களை. கரண்ட் பில் கூடுகிறது என்று பொருளாளர் முதல் மாதமே சொல்வார். ஒரு லைட் போதும், அந்தப் பணத்தை நீங்களே கட்டிவிடுங்கள்.