காதைப் பார்த்தீர்களா? சிறப்புப் பயிற்றுநரிடம் கேள்வி பதில்

ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராக 19 வருடம் இருந்தேன். திருவட்டாறு, மேல்புறம், முன்சிறை என்று மூன்று ஒன்றியம் சுற்றியாயிற்று. குமரி மாவட்டத்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதுகிறேன். இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மாத்திரை பற்றிக் கேட்காதீர்கள். அடுத்தது, பிள்ளையின் சிக்கலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்கும் முன்னால் காதையும் கண்ணையும் சோதித்துவிட்டு வாருங்கள்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா: மகன் மூன்றாம் வகுப்பு. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். 'டிஸ்லெக்ஸியாவாக இருக்கும், சர்டிபிகேட் வாங்குங்கள்' என்கிறார்கள். வீட்டில் நாங்கள் பேசுவது மலையாளம். அதனால்தான் இப்படியா?

அதனால் இல்லை மக்களே. 1956 வரை இந்த ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்பது விளவங்கோடு பக்கம் தலைமுறை தலைமுறையாக இருப்பதுதான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடு வராது. சொல்லப்போனால் ர, ற, ழ வித்தியாசம் மலையாள வீட்டுப் பிள்ளையின் காதில் தானாகவே விழும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சொல் தெரியாமல் தடுமாறுவது வேறு, எழுத்தில் தடுமாறுவது வேறு. எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஒரு தாளில் 'கொ' என்று பெரிதாக எழுதிக் காட்டுங்கள். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். வாய் மட்டும் க-வில் ஆரம்பிக்க வேண்டும். சிக்கல் உள்ள பிள்ளை 'கெ' என்று தொடங்கி, காலை ரகரமாக எடுத்துக்கொண்டு 'கெர' என்று நிற்கும். அச்சில் துணைக்காலும் ரகரமும் கிட்டத்தட்ட ஒரே உருவம் என்பதைப் பெரியவர்கள் நாம் மறந்துவிட்டோம். அடுத்து 'மோடுபி', 'தெபாகு' என்று பொருளே இல்லாத நாலைந்து சொல் எழுதிக் கொடுங்கள். இங்கே மொழி தெரியாத குறை வர வழியில்லை. இதிலும் தவித்தால் எழுத்தில்தான் சிக்கல். கடைசியாக, எழுதாமல் வாயால் மட்டும் ஒன்று: 'மரச்சீனியில் மரத்தை எடுத்தால் என்ன மிச்சம்?' சீனி என்று சொல்லிச் சிரிப்பான். 'பலகையில் ப-வை எடுத்தால்?' இதற்கு 'லகை' என்று வரவில்லை என்றால் ஒலியைப் பிரிப்பதிலேயே தடை இருக்கிறது.

என்ன செய்வது? கொம்பையும் காலையும் சிவப்புப் பென்சிலில் எழுதுங்கள், எழுத்து கறுப்பில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு குறி போதும். முதலில் கால், அது நின்ற பிறகு கொம்பு, இரண்டும் சேரும் கொ, கோ எல்லாம் கடைசியில். வகுப்பில் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சியில் அவனை முதல் படியான அரும்பு நிலையிலேயே இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தால் அவமானப்படாதீர்கள், அவனுக்கு அதுதான் நல்லது. ஒரு பருவம் இப்படிச் சொல்லிக் கொடுத்தும் அசையவில்லை என்றால் வட்டார வள மையம் வழியாக மதிப்பீட்டுக்குக் கொண்டுபோங்கள். சர்டிபிகேட் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித் தராது.

அப்புறம், ல, ள, ழ மாற்றி எழுதுவதை வைத்து மட்டும் யாரும் டிஸ்லெக்ஸியா என்று முடிவுகட்ட வேண்டாம். சுற்றறிக்கைகளிலேயே அந்தப் பிழை இருக்கிறது.

குலசேகரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர்: இரண்டாம் வகுப்புப் பையன். காலையில் யாரையாவது அடிக்கிறான் அல்லது தூங்குகிறான். மதியத்துக்கு மேல் ஆளே வேறு. ஏ.டி.எச்.டி.யா?

மதியத்துக்கு மேல் ஆளே வேறு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் சார். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு கடிகாரம் பார்த்து வராது. 12 வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் டாக்டரே அந்தப் பெயரைச் சொல்வார்.

இதே மாதிரி ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் டீச்சரிடம் ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன்: அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே பின்னால் என்ன நடந்தது. ஓரத்தில் மணியும் தேதியும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நான்கு நாள் மட்டும் பக்கம் வெறுமை. அந்த நான்கு நாளும் மழை. அப்பா, அம்மா இரண்டு பேரும் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள். நாலு மணிக்கு அவர்கள் எழும்போது பையனும் எழுந்துவிடுகிறான். பிறகு தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு கட்டன் சாயா (பால் விடாத டீ) ஒன்றோடு பள்ளிக்கு வருகிறான். மழை பெய்தால் வெட்டு கிடையாது, அன்றைக்கு வீடு ஆறரை வரை தூங்கும். இதுதான் நோய்.

காலை உணவு சாப்பிட அவனை நேரத்துக்கு வரவைத்தோம். முதல் பாடவேளையில் பின்பெஞ்சில் அரை மணி நேரம் தூங்கவிட்டோம். சண்டை முழுதாக நிற்கவில்லை, ஆனால் நோட்டில் பக்கங்கள் குறைந்தன. உங்கள் பையனுக்கும் முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்.

நாகர்கோவில், ஒரு அப்பா: மகனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். நீங்களாகவே குறைக்காதீர்கள்.

தக்கலை, ஒரு அம்மா: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடு உள்ள மகளுக்கு என்ன சலுகை கிடைக்கும்?

மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். சி.பி.எஸ்.இ. என்றால் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். ஜனவரியில் ஓடி வராதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

சலுகை கிடைத்த பிள்ளைகள் அங்கேயும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சொல்லி எழுத வைப்பது தனிப் பயிற்சி. 'அந்த வரியை அடித்துவிடுங்கள், இங்கே பத்தி மாற்றுங்கள்' என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல மகளுக்குக் கூச்சம் இருக்கும். அரையாண்டுத் தேர்விலேயே ஒரு முறை அப்படி எழுத வையுங்கள். மொழி விலக்கை மட்டும் யோசித்துக் கேளுங்கள். பிற்பாடு சேரப்போகும் படிப்புக்கு அந்த மொழி வேண்டுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குளச்சல் பக்கம் உதவிபெறும் பள்ளி ஆசிரியை: வகுப்பில் 36 பேர். ஒருவனுக்கு ஆட்டிசம். தினமும் மூன்று நான்கு முறை காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான், கையில் கிடைப்பதை எறிகிறான். போன வாரம் ஒரு பிள்ளைக்கு நெற்றியில் காயம். சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று சொன்னால் நான் கெட்டவளா? மற்ற 35 பேருக்கு யார் பதில் சொல்வது?

கெட்டவள் இல்லை டீச்சர், களைத்துப்போனவள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அடிப்படை அளவான 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. பள்ளியை முடிவு செய்வது அந்த வீடு, நாம் இல்லை. அது சட்டம். இப்போது வகுப்புக்கு வருவோம். கத்துவது எந்த நேரத்தில்?

அதே ஆசிரியை: நேரம் குறிக்க நேரம் எங்கே டீச்சர்? சிறப்புப் பயிற்றுநர் எப்போதாவது ஒரு நாள் வருவார், ஒரு மணி நேரம் இருப்பார், சார்ட் கொடுத்துவிட்டுப் போவார். நீங்களும் அப்படித்தானே போயிருப்பீர்கள்?

போயிருக்கிறேன். கோபம் நியாயம். உச்ச நீதிமன்றம் 2021-இல் தொடக்க நிலையில் 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று சொல்லிவிட்டது. எனக்கு மூன்று ஒன்றியம், ஒரு பஸ் பாஸ். அதை நான் மறைக்கவில்லை.

தக்கலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: நான் 33 வருடம் நடத்தினேன். அந்தக் காலத்தில் ஒரு அடி போட்டால் அடங்குவான். இப்போது அடிக்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்றால் எப்படி?

அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது சார். அதை விடுங்கள். உங்கள் காலத்தில் இந்தப் பிள்ளை அடங்கவில்லை, பள்ளிக்கே வரவில்லை. வராதவனைக் கணக்கில் சேர்க்காமல் எல்லாரும் அடங்கினார்கள் என்கிறோம்.

கருங்கல், ஒரு அம்மா: என் மகளும் அப்படிக் கத்தியவள்தான். ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் வரும், நான் போய்க் கூட்டி வருவேன். ஒரு மாதத்தில் தினமும் பத்தரைக்குப் போன்.

பார்த்தீர்களா, இதைத்தான் சொல்ல வந்தேன். கத்தினால் வீடு. அதைப் பிள்ளை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டது. அறிவில்லை என்று யார் சொன்னது? கத்துவதைத் தவிர 'போதும், எனக்கு வெளியே போக வேண்டும்' என்று சொல்ல அவளிடம் வேறு வழி இல்லை. அந்த வழியைக் கொடுக்க வேண்டும். ஒரு அட்டை, அதில் கதவுப் படம். அதை நீட்டினால் ஐந்து நிமிடம் வராந்தா, பிறகு மறுபடி உள்ளே. கத்துவதற்கு முன்னால் நீட்டப் பழக்க வேண்டும், கத்திய பிறகு இல்லை.

குளச்சல் டீச்சருக்கு: காதைப் பொத்துகிறான் என்றீர்கள். அது பிடிவாதம் இல்லை, சத்தம். உங்கள் வகுப்புக்குப் பக்கத்தில்தான் மணி தொங்குகிறதா? தகரக் கூரையா? நான் பார்த்த ஒரு வகுப்பில் குற்றவாளி ஒரு மின்விசிறி. நாலு சுற்றுக்கு ஒரு முறை 'டக்'. நமக்குக் கேட்கவே இல்லை, அவனுக்கு ஆணி அடித்த மாதிரி. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்த அன்றே பாதி அமைதி. மணி என்றால் அடிக்க இரண்டு நிமிடம் முன்பே அவனிடம் சொல்லுங்கள், அல்லது அவன் கையால் அடிக்க விடுங்கள். கதவோரத்தில் உட்கார வைக்காமல் சுவரோரத்தில் வையுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் டப்பா, ஸ்லேட் எதுவும் வேண்டாம். அன்றைய பாடவேளைகளைப் படமாக வரிசையில் ஒட்டி, முடிந்ததை அவனே கழற்றட்டும்.

எறிய ஆரம்பித்துவிட்டால் அவனை இழுக்காதீர்கள். மற்ற 35 பேரையும் வராந்தாவுக்குக் கூட்டிப் போங்கள். அது எளிது, யாருக்கும் காயமும் வராது.

அதே ஆசிரியை: இத்தனையும் செய்து பார்த்து முடியவில்லை என்றால்?

அப்போது சிறப்புப் பள்ளியைப் பற்றிப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசலாம். அங்கே நன்றாக வந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். விரட்டிப் போவதும் விரும்பிப் போவதும் ஒன்றில்லை. உங்களுக்கு ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது பதிவேட்டில் ஏறாது.

இந்த ஒரு கேள்வியே சாயங்காலத்தைத் தின்றுவிட்டது. மிச்சத்தை வேகமாகப் பார்க்கிறேன்.

திருவட்டாறு: என் மகளும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், சர்டிபிகேட் எங்கே வாங்கலாம்?

மார்த்தாண்டத்து அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

கொல்லங்கோடு: சர்டிபிகேட்...

மேலே இருக்கிறது.

கிள்ளியூர், ஒரு அம்மா: மூன்று மாதத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஆட்டிசம் காய்ச்சல் இல்லை, குணமாக்க. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்கான செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி) இவற்றால் முன்னேற்றம் வரும், மெதுவாக வரும். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்சிறை: அடையாள அட்டை, உதவித்தொகை?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், நாகர்கோவில்.

தூத்தூர் பக்கம், ஒரு அம்மா: அப்பா கடலுக்குப் போனால் ஒரு மாதம் ஆகும். ஏழு வயசு மகன் சில வாரம் நோட்டைக் கிழிக்கிறான், சில வாரம் ஒன்றுமில்லை.

கிழிக்கும் வாரம் எது என்று காலண்டரில் பாருங்கள். படகு கிளம்புவதற்கு முந்தின வாரமாக இருக்கும், அல்லது அப்பா திரும்பி வந்து வீட்டுச் சட்டம் மாறும் வாரமாக இருக்கும். கிளம்பும் தேதியைப் பையனிடம் மறைக்காதீர்கள், அவனே காலண்டரில் வட்டம் போடட்டும். டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். 2017 ஒகி புயலுக்குப் பிறகு உங்கள் கரையில் புயல் எச்சரிக்கை என்றாலே வீடுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அகஸ்தீஸ்வரம், ஒரு அப்பா: மகள் வகுப்பில் கவனிப்பதே இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்ன வேலையைப் பாதியில் விடுகிறாள். ஏ.டி.எச்.டி.யா?

காது.

அதே அப்பா: காது நன்றாகக் கேட்கிறது டீச்சர். மிட்டாய் என்றால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறாள்.

எல்லாரும் சொல்வது இது. சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தங்கினால் கேட்கும் திறன் ஒரு வாரம் குறையும், மறு வாரம் சரியாகும். முழுச் செவிடாக இருக்காது, தண்ணீருக்குள் மூழ்கிக் கேட்கிற மாதிரி இருக்கும். அமைதியான வீட்டில் 'மிட்டாய்' விழும். 30 பேர் சத்தத்தில் 'இரண்டாவது கணக்கை நோட்டில் எழுதிவிட்டு ஸ்லேட்டை மூடி வை' என்பதில் பாதிதான் விழும். பாதி வேலையைச் செய்கிறாள். வாயைத் திறந்து தூங்குகிறாளா? டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாளா? ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். அதுவரை முதல் பெஞ்ச்.

இரணியல், ஒரு பாட்டி: பேரன் இடது கையால் எழுதுகிறான். மாற்றலாமா?

வேண்டாம் அம்மா. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிக்காது.