விண்டோஸ் எக்ஸ்பிக்கு நிரல் எழுத எந்த எடிட்டர்?

விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் சி++ மென்பொருள் எழுத எந்த எடிட்டர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எடிட்டர் உங்களுக்குப் பிடித்த எதுவாகவும் இருக்கட்டும். எழுதிய மென்பொருள் எக்ஸ்பியில் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது, நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலர்தான். புதிய கணினியில் கம்பைலரும் சேர்ந்து வரும் விஷுவல் ஸ்டுடியோ 2017 போட்டு, எக்ஸ்பிக்காகக் கம்பைல் செய்ய உதவும் வி141_எக்ஸ்பி (v141_xp) என்ற டூல்செட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதிக்க, அதே கணினிக்குள் எக்ஸ்பி ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளாலான கணினி) போதும்.

இல்லை, பழைய கணினியிலேயே உட்கார்ந்துதான் எழுதுவேன் என்றால், சரி, நோட்பேட்++ 7.9.2 எடிட்டரைப் போடுங்கள். எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பதிப்பு அதுதான். விஎஸ் கோட் (VS Code) எடிட்டரை அங்கே மறந்துவிடுங்கள், ஓடாது.

அப்புறம், லினக்ஸில் சேமித்த கோப்பை எக்ஸ்பியின் சாதா நோட்பேடில் திறந்தால் மொத்த நிரலும் ஒரே வரியாக நீளும். பதற வேண்டாம், கோப்பு கெடவில்லை; லினக்ஸின் வரிமுடிவுக் குறி அந்த நோட்பேடுக்குப் புரியாது, அவ்வளவுதான். நோட்பேட்++இல் வரிமுடிவை சிஆர்எல்எஃப் (CRLF, விண்டோஸின் வரிமுடிவுக் குறி) என்று மாற்றிச் சேமியுங்கள்.